கண் ஒட்டிய குஞ்சும் நம்ம முட்டைக் காசும்



எனக்குக் கொடுத்த தலைப்பு நாட்டுக்கோழி வளர்ப்பு. அதில் ஒரே ஒரு விஷயம் பேசுகிறேன். குஞ்சுக்குக் கண் ஒட்டிப்போனால், கையில் காசு இல்லாத நேரத்தில் என்ன செய்வது?

"ஒரு குஞ்சுதானே, போனாப் போகுது" என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் அந்தக் குஞ்சு வளர்ந்தால் முட்டைக் கோழி. முட்டைக் காசு நம்ம கையில் வருகிற காசு. குழுச் சேமிப்பும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் பல வீட்டில் அதிலிருந்துதான். கண் தெரியாத குஞ்சு நோயில் சாவதற்கு முன்னாடி பசியிலேயே செத்துப்போகும்.

முதலில் குஞ்சைத் தனியாகப் பிரித்து, கதகதப்பான இடத்தில் வையுங்கள். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக உப்புப் போட்டு ஆற விடுங்கள். சுத்தமான பருத்தித் துணியை அதில் நனைத்து, கண்மேல் வைத்து ஊற விடுங்கள். ஒட்டினதைப் பிய்க்கக் கூடாது, தானாக இளகும். பிறகு மெதுவாகத் துடைத்து எடுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு துணி, ஒரு நாளைக்கு மூன்று தடவை. அலகைத் தண்ணீரில் தொட்டுக் குடிக்க வையுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கோழிக் கழிச்சல் கிருமி நம்ம கண்ணையும் சிவக்க வைக்கும்.

வெங்காயச் சாறு, சுண்ணாம்பு, விளக்கெண்ணெய் எதுவும் கண்ணில் விடாதீர்கள். வீட்டில் மீதி இருக்கிற சொட்டு மருந்தும் வேண்டாம். சிலதில் ஸ்டீராய்டு இருக்கும். கண்ணில் புண் இருந்தால் அது இன்னும் கெடுத்துவிடும். சொட்டு மருந்தைக் கால்நடை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

போன கார்த்திகை அடைமழையில் என் 12 குஞ்சில் ஒன்றுக்குக் கண் ஒட்டியது. இப்படித்தான் கழுவினேன். அடுத்த நாள் இன்னும் இரண்டுக்குக் கண்ணில் நீர் வடிந்தது. பஞ்சாரத்துப் பக்கத்தில் குந்தி, குஞ்சு உயரத்தில் மோந்து பார்த்தேன். கண் எரிந்தது. உமி ஈரமாகி, எச்சத்திலிருந்து அம்மோனியா வாடை கிளம்பியிருந்தது. நின்றுகொண்டு பார்த்தால் அது தெரியாது. ஈர உமியை அள்ளிப் போட்டுவிட்டுக் காய்ந்த உமி பரப்பினேன். நாலே நாளில் மூன்றும் கண் திறந்தன. செலவு உப்பும் பழந்துணியும்தான்.

நம்ம நெல்லு ஊரில் இன்னொரு குறையும் உண்டு. நொய்யும் தவிடும்தான் தீனி. அதில் வைட்டமின் ஏ கிடையாது. அது குறைந்தாலும் கண் வீங்கி, உள்ளே வெள்ளையாகக் கட்டி தங்கும். கொல்லையில் நிற்கிற முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கித் தினமும் போடுங்கள்.

முகம் வீங்கி மூக்கில் நாற்றத்தோடு சளி வந்தாலும், கண்ணைச் சுற்றிக் கொப்புளம், பொருக்கு வந்தாலும், கழுத்து திருகிப் பச்சையாகக் கழிந்தாலும் கைவைத்தியத்தோடு நிற்காதீர்கள். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். நம்ம மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழிச்சலுக்கு முதல் மருந்து, 7ஆம் நாள் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ விடுகிற ஒரு சொட்டு. ஒரு குப்பி நிறைய குஞ்சுக்கு வரும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நாலு குஞ்சுக்காகக் குப்பி உடைக்கத் தயங்குவார்கள். ஒரு தெருக் குஞ்சு முழுவதையும் ஒரே நாளில் சேர்த்துக் கொண்டுபோனால் தயக்கமே இல்லை. சேமிப்பைச் சேர்ந்து கட்டுகிற நமக்கு, குஞ்சைச் சேர்த்துக் கொண்டுபோவது பெரிய வேலையா? இந்த மாதக் குழுக் கூட்டத்தில் யார் யார் வீட்டில் அடை வைத்திருக்கிறது என்று ஒரு கணக்கு எழுதிவிடுங்கள்.