மூச்சடக்கி முத்தெடுத்தவர்கள்

(ஆர்.எஸ்.புரத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கோயமுத்தூர் இன்ஜினீயர் மேடை ஏறினால் பம்பைப் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நானும் ஃபுட்வால்விலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஃபுட்வால்வில் தழை அடைத்துக்கொண்டால், தம் கட்டி உள்ளே போய் எடுத்துவிட ஊரில் ஒருவர் இருந்தார். "ஏனுங்க மாமா, மூச்சு முட்டாதுங்களா?" என்றால், "பழகினாச் சரியாப் போகும் கண்ணு" என்பார். பழக்கமா, பிறவியா? அதுதான் இன்றைய கேள்வி.

முகம் குளிர்ந்த நீரில் பட்டு, மூச்சும் நின்றால் நம் எல்லோருக்குமே இதயத்துடிப்பு குறைகிறது. கைகால்களுக்குப் போகும் இரத்தம் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் முதல் பங்கு கிடைக்கிறது. மண்ணீரல் சுருங்கி, சேமிப்பிலிருந்த சிவப்பணுக்களை இரத்தத்தில் விடுகிறது. கடல்நாய்க்கும் இதே ஏற்பாடுதான். அதற்குப் பெரிய அளவில், நமக்குச் சிறிய அளவில்.

அழுத்தக் கணக்கும் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. பாயில் விதிப்படி, 6 லிட்டர் காற்று அங்கே 3 லிட்டர் ஆகிவிடும்.

இதையெல்லாம் படிக்காமலே செய்தவர்கள் மன்னார் வளைகுடாவில் இருந்தார்கள். கொற்கை முத்து அன்றே கடல் கடந்து பேர் வாங்கியது. காலில் கல்லின் பாரத்தோடு கயிற்றைப் பிடித்து இறங்கி, கூடையில் சிப்பியை அள்ளிக்கொண்டு ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்தில் மேலே வருவார்கள். 1961-ஓடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ராமேசுவரம் பக்கம் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடற்பாசி எடுக்க மூழ்கும் பெண்களும் இருக்கிறார்கள்.

இப்போது விடைக்கு வருவோம். இந்தோனேசியாவில் பஜாவ் என்று ஒரு கடலோடி மக்கள். 2018-இல் மெலிசா இலார்டோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பக்கத்து ஊர் விவசாய மக்களைவிட இவர்களுக்கு மண்ணீரல் ஏறக்குறைய 50 சதம் பெரிது என்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், மூழ்கும் தொழிலே செய்யாத பஜாவ்காரருக்கும் அது பெரிதாகவே இருந்தது. ஆகவே அது பழக்கத்தால் வந்ததல்ல, மரபணுவிலேயே இருக்கிறது. அப்பா தம் கட்டிப் பழகியதால் மகனுக்கு மண்ணீரல் வளர்ந்துவிடாது. பிறவியிலேயே அது பெரிதாக அமைந்தவர்கள் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் கூறு பெருகியது. பரிணாமம் என்பது இதுதான்.

ஆனால் எல்லாமே பிறவி அல்ல. தாய்லாந்துக் கடலோர மோக்கன் சிறுவர்களுக்கு நீருக்கடியில் கண் தெளிவாகத் தெரியும் என்று 2003-இல் கண்டார்கள். பிறகு ஐரோப்பியச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுக்கும் அது வந்துவிட்டது! கொரியாவின் ஜெஜு தீவில் மூழ்கும் பெண்களிடம் இரண்டும் கலந்திருப்பதாக 2025-இல் வந்த ஆய்வு சொல்கிறது: இதயத்துடிப்பு நன்றாகக் குறைவது பயிற்சியால், மூழ்கும்போது இரத்த அழுத்தம் அதிகம் ஏறாமல் காப்பது மரபணுவால். ஆக, எங்கள் ஊர் மாமா சொன்னது பாதி சரி.

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொல்லத்தான் வந்தேன். படிக்கிற காலத்தில் விடுமுறையில் நாங்கள் நாலு பேர் ஒரு கிணற்றில் போட்டி வைத்தோம். ஜெயிப்பதற்காக நண்பன் ஒருவன் வேகவேகமாக இருபது முறை மூச்சு இழுத்து விட்டுவிட்டு உள்ளே போனான். வெகுநேரமாகியும் வரவில்லை. தூக்கி வெளியே போட்டபோது நினைவே இல்லை. எங்கள் அதிர்ஷ்டம், பிழைத்துக்கொண்டான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. மூச்சு முட்டவைப்பது பெரும்பாலும் பிராணவாயு குறைவது அல்ல, கரியமிலவாயு ஏறுவது. வேகமாக மூச்சு விட்டால் கரியமிலவாயு வெளியேறிவிடும்; பிராணவாயு பெரிதாகக் கூடாது. அபாய மணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குவது போலத்தான். எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும்.

தம்பிகளா, முத்துக்குளித்தவர்கூடத் தனியே இறங்கவில்லை. மேலே கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தான். பஜாவ் மக்களின் மண்ணீரல் நமக்கு இல்லை. கயிறு பிடிக்கிற நண்பனாவது நமக்கு இருக்கட்டும். அன்று கிணற்றில் தூக்கிவிட்டவர்களும், தூக்கப்பட்டவனும் இதே அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.