முப்பது நாள் அடித்த அபாய மணி

(மடுகரையில், கல்லூரி செல்லும் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



விடுதிக்குப் பெட்டி கட்டும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வளாகப் பாதுகாப்பு என்றால் நிர்வாகம் கேமராவையும் காவலாளியையும் காட்டும். அவை வேண்டியவைதான். ஆனால், நமக்கான ஆபத்து வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. அலுவலகக் கோப்பு வழியாகவும் வருகிறது.

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவுக்கு அப்படித்தான் வந்தது. 2015 ஜூலைக்குப் பிறகு உதவித்தொகை வரவில்லை. டிசம்பர் 18 அன்று துணைவேந்தருக்குக் கடிதம் எழுதினார். ஜனவரியில் விடுதி அறையிலிருந்து வெளியேற்றப்பட்டு, தோழர்கள் நால்வரோடு திறந்தவெளியில் படுத்தார். 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். கடிதத்துக்கும் சாவுக்கும் இடையே முப்பது நாள். அபாய மணி அத்தனை நாளும் அடித்தது. காது கொடுக்கத்தான் ஆளில்லை.

இத்தனைக்கும், பாகுபாட்டுப் புகாரைக் கேட்கத் தனி அலுவலர் வேண்டுமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி செய்திருந்தது. அதை நடைமுறைப்படுத்தக் கோரி ரோஹித்தின் தாய் ராதிகாவும், மும்பையில் மகள் பாயல் தட்வியைப் பறிகொடுத்த ஆபிதாவும் 2019-இல் உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

ஆகவே, உதவித்தொகை நின்றாலே, அறை பறிபோனாலே அவசரநிலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்துக்குக் கூட்டாகப் போங்கள். திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட தோழரைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416, நள்ளிரவிலும் அழைக்கலாம்.

நம் தெருவிலிருந்து போன பிள்ளை பட்டத்தோடு திரும்ப வேண்டும். படத்துக்கு மாலை போட நாம் கூடக் கூடாது.