மக்காச்சோள எத்தனால்: ஆலைக்கு உறுதியான விலை, விவசாயிக்கு?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டத்தைப் பற்றி இருவேறு குரல்கள் கேட்கின்றன. நாட்டின் எரிபொருள் சிக்கலுக்கும் விவசாயியின் வறுமைக்கும் இதுவே தீர்வு என்கிறது ஒன்றிய அரசு. வண்டியின் எஞ்சினைப் பாழாக்கும் வெறும் மோசடி என்கிறது மற்றொரு குரல். இரண்டுமே முழு உண்மை அல்ல. இத்திட்டத்தால் பயன் உண்டு. அந்தப் பயன் எந்த வர்க்கத்தின் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதே ஆராயப்பட வேண்டிய கேள்வி.

பயன்கள் எவை?

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. மேற்கு ஆசியாவில் போர் மூண்டால் இங்கே விலைவாசி ஏறுகிறது. உள்நாட்டில் விளையும் பொருளைக் கொண்டு இறக்குமதியின் ஒரு பகுதியையேனும் குறைக்க முடியுமானால் அது வரவேற்கத்தக்கதே. 2014-15 முதல் எத்தனால் கலப்பினால் ரூ.1.4 லட்சம் கோடிக்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சமானதாகப் பெட்ரோலிய அமைச்சகம் 2025இல் தெரிவித்தது. எத்தனாலுக்கு ஆக்டேன் அளவு அதிகம். அது கலந்த பெட்ரோல் எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு குறைவு.

கரும்போடு ஒப்பிட்டால் மக்காச்சோளத்துக்கு நீர்த்தேவையும் குறைவு. ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கிறது. வடித்த பின் எஞ்சும் புரதம் மிகுந்த சக்கை கால்நடைக்கும் கோழிக்கும் தீவனமாகிறது. 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகத்தின் அரிசி ஆலைகளுக்கு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கரும்புச்சாறுக்கும் கட்டுப்பாடு வந்தது. அதன்பின் எத்தனாலுக்கான மூலப்பொருள்களில் மக்காச்சோளமே முதலிடத்துக்கு உயர்ந்தது.

ஒரு குவிண்டாலின் கணக்கு

2024 ஜனவரியில் மக்காச்சோள எத்தனாலின் கொள்முதல் விலை லிட்டருக்கு ரூ.66.07இலிருந்து ரூ.71.86 ஆக உயர்த்தப்பட்டது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் இந்த விலையைத் தருகின்றன. ஆலை முதலாளிக்குச் சந்தையைப் பற்றிய அச்சம் இல்லை. வாங்குபவரும் உறுதி, விலையும் உறுதி.

விவசாயிக்கு? 2025-26ஆம் ஆண்டுக்கு மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,400. ஆனால் 2025 நவம்பரில் கர்நாடக விவசாயிகளுக்குச் சந்தையில் கிடைத்தது ரூ.1,600 முதல் ரூ.1,800 வரைதான். அவர்கள் சாலைக்கு வந்து போராடினார்கள். மாநில முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது.

ஒரு குவிண்டால் மக்காச்சோளம் சுமார் 38 லிட்டர் எத்தனால் தரும். லிட்டர் ரூ.71.86 வீதம் அதன் மதிப்பு ஏறத்தாழ ரூ.2,730, தீவனச் சக்கையின் வருமானம் தனி. எரிபொருள், கூலி, வட்டி ஆகியவை ஆலையின் செலவுகள். மக்காச்சோளத்தை ரூ.2,400க்கு வாங்கினாலும் ரூ.1,700க்கு வாங்கினாலும் இந்தச் செலவுகள் மாறுவதில்லை. எத்தனாலின் விலையும் மாறுவதில்லை. அப்படியானால் விவசாயி குவிண்டாலுக்கு இழக்கும் ரூ.700 எங்கும் காணாமற்போகவில்லை. அது வணிகருக்கும் ஆலைக்கும் இடையே பங்கிடப்படுகிறது.

ஆதரவு விலையில் மக்காச்சோளம் வாங்கி ஆலைகளுக்கு வழங்க நாஃபெட் போன்ற கூட்டுறவு அமைப்புகள் வழியே 2024இல் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது அந்த வழியில் வாங்க ஆலைக்குக் கட்டாயம் ஏதுமில்லை. மறுபுறம், 2025 ஜனவரியில் உணவுக் கழக அரிசியின் விலை ஆலைகளுக்காகக் குவிண்டாலுக்கு ரூ.2,800இலிருந்து ரூ.2,250 ஆகக் குறைக்கப்பட்டது. ரேஷன் கடைக்குப் போக வேண்டிய தானியம் ஆலைக்குப் போனது. மக்காச்சோள விவசாயியின் பேரம் பேசும் வலுவும் குறைந்தது.

நுகர்வோர் நிலையும் இதுவே. பழைய கார்களில் 20 சதவீதக் கலப்பினால் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கூறியது. ஈடாக வரிச்சலுகை தரவும் அது பரிந்துரைத்தது. கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. மைலேஜ் இழப்பை ஈடுகட்டும் விலைக்குறைப்போ வரவில்லை.

உணவும் எரிபொருளும்

மக்காச்சோளம் வெறும் எரிபொருள் மூலப்பொருள் அன்று. நாட்டில் விளைவதில் பெரும்பகுதி கோழித் தீவனமாகிறது. 2024இல் தேவை கூடி விலை ஏறியபோது நாமக்கல் முட்டைப் பண்ணை வரை அதன் சுமை உணரப்பட்டது. ஏற்றுமதி நாடாக இருந்த இந்தியா மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க வந்த திட்டம் தானிய இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது.

அமெரிக்க அனுபவம் ஓர் எச்சரிக்கை. அங்கே 2005இலும் 2007இலும் வந்த சட்டங்கள் எத்தனால் கலப்பைக் கட்டாயமாக்கின. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்று ஆலைக்குச் செல்கிறது. 2007 ஜனவரியில் மெக்சிகோ மக்கள் தங்கள் அன்றாட உணவான டார்ட்டியாவின் விலையேற்றத்துக்கு எதிராகத் தெருவில் இறங்கினர். அதே ஆண்டு மார்ச்சில், உணவை எரிபொருளாக்கும் கொள்கையை ஃபிடல் காஸ்ட்ரோ கிரான்மா நாளேட்டில் கடுமையாகச் சாடினார். 2025 செப்டம்பரில் அமெரிக்க வணிக அமைச்சர் ஹோவர்ட் லுட்னிக், இந்தியா அமெரிக்கச் சோளத்தை வாங்குவதில்லை என்று பகிரங்கமாகக் குறைபட்டார். அந்தச் சோளத்தில் மிகப் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டது. எத்தனால் தேவையைச் சாக்காக வைத்து அது இங்கே நுழையுமானால் பீகாரின் பூர்ணியா, கட்டிஹார் விவசாயிகளும் கர்நாடகத்தின் ஹாவேரி, தாவணகெரே விவசாயிகளும் நேரடியாகப் பாதிக்கப்படுவார்கள்.

நிலத்தடி நீர் கெடுவதை எதிர்த்துப் பஞ்சாபின் ஜீராவில் 2022 ஜூலையில் தொடங்கிய போராட்டம், ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பை 2023 ஜனவரியில் வென்றெடுத்தது. 2025 டிசம்பரில் ராஜஸ்தானின் ஹனுமான்கர் மாவட்டத்திலும் எத்தனால் ஆலைக்கு எதிராக விவசாயிகள் திரண்டனர். காவல்துறையின் தடியடியைச் சந்தித்தனர்.

கோரிக்கைகள்

எத்தனாலே வேண்டாம் என்பது இடதுசாரிகளின் நிலைபாடாக இருக்க முடியாது. முன்வைக்க வேண்டியவை இவை: சுவாமிநாதன் ஆணையம் பரிந்துரைத்தபடி உற்பத்திச் செலவுடன் 50 சதவீதம் சேர்த்த ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும். ஆதரவு விலையில் மக்காச்சோளம் வாங்கியதற்கான பதிவைக் காட்டும் ஆலையிடமிருந்து மட்டுமே எண்ணெய் நிறுவனங்கள் எத்தனால் வாங்க வேண்டும். பொது விநியோகத்துக்கான அரிசி ஆலைக்குச் செல்லக் கூடாது. மரபணு மாற்றப்பட்ட சோள இறக்குமதிக்கு அனுமதி கூடாது. மைலேஜ் இழப்புக்கு ஈடாகப் பெட்ரோல் வரி குறைக்கப்பட வேண்டும். கிராமசபையின் ஒப்புதலும் நீர்ப் பாதுகாப்பும் இன்றி எந்த ஆலையும் தொடங்கப்படக் கூடாது.

ஆலைக்கு விலையை உறுதி செய்ய அரசால் முடிந்திருக்கிறது. ஆகவே விவசாயிக்கு அதைச் செய்யச் சந்தை விதிகள் இடம் தரவில்லை என்ற வாதம் செல்லாது. கிராமங்களுக்குச் செல்லும் தோழர்கள் எத்தனாலைப் பற்றிய பேச்சை அந்த ரூ.700இன் கணக்கிலிருந்து தொடங்கட்டும்.