முதியோர் இல்லங்களில் நாம் காணத் தவறுபவை
(சங்கத்தின் அங்கத்தவர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்றைய கூட்டத்திற் சமயத்தோடு தொடர்புடைய பொருளொன்றைப் பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டிருந்தார். நாம் எடுத்துக்கொண்டதோ முதியோர் இல்லங்களிற் காணப்படும் பராமரிப்புக் குறைவு. இது சமயப் பொருளன்று என்று கருதுவோர் இருப்பின், திங்களூரிலே அப்பூதியடிகள் தாம் கண்டறியாத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப்பந்தல் அமைத்ததையும், சூலைநோயோடு திரும்பிவந்த தம்பியைத் திலகவதியார் ஏற்றுக்கொண்டதையும் நினைவுபடுத்திவிட்டு மேலே செல்கின்றோம். தாகமும் நோயும் நம் அடியார் வரலாற்றுக்குப் புறம்பானவை அல்ல.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அதன் பின்னர் அத்தொகை கூடியிருக்கின்றதேயன்றிக் குறையவில்லை. நம்மவர் நிலையிலோ, போர் பிள்ளைகளை இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிதறடித்தது. ஊரிலிருக்கும் பிள்ளைகளும் கணவன் மனைவி இருவருமாக உத்தியோகத்துக்குச் செல்கின்றனர். ஆகவே இல்லத்தில் விடுவதைப் பெரும்பாவமென்று பேசித் திரிவதில் நமக்கு உடன்பாடில்லை. பெற்ற மகளினும் மேலாகக் கவனிக்கும் மேற்பார்வையாளர்கள் நடத்தும் இல்லங்களை நாம் அறிவோம். வீட்டு விறாந்தையிலேயே, பிள்ளைகள் சூழ இருந்தும், கவனிப்பாரற்றுக் கிடந்த முதியோரையும் அறிவோம்.

கவனிப்பின்மை என்பது அடி உதை போன்றதன்று. அடித்தால் தழும்பு தெரியும், ஏசினால் அயலுக்குக் கேட்கும். செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதற்கோ ஓசை கிடையாது. அதனால் அதனைக் காண்பதற்குக் கண் பழகவேண்டும். நம் சங்கத்தவரின் கண் அவ்வாறு பழகியிருக்கின்றதா என்பதே கேள்வி.

நாம் இல்லங்களுக்குப் போவது எப்பொழுது? பிறந்தநாளுக்கு, திவசத்திற்கு, குருபூசைக்கு. போவது மத்தியானம். வாழையிலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்குள் திரும்பிவிடுகின்றோம். அந்த நேரத்தில் எல்லோரும் குளித்து, திருநீறு பூசி, வெளுத்த சேலையோடும் சாரத்தோடும் வரிசையாக இருப்பார்கள். நாம் கண்டது அவ்வில்லத்தின் திருவிழா. பின்னேரம் ஐந்து மணிக்கு, ஒரு செவ்வாய்க்கிழமையில், சொல்லாமற் சென்றால்தான் அங்குள்ள சாதாரண நாள் தெரியும். (நீரிழிவுக்காரருக்கு வாரத்தில் மூன்று நாள் பாயசம் வார்ப்பது எவ்வளவு புண்ணியம் என்பதையும் அன்னதான காரியதரிசி ஒருமுறை வைத்தியரிடம் கேட்டறிதல் நலம்.)

அப்படிச் சென்றால் முதலிற் பார்க்கவேண்டியது தண்ணீர். வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்கிப்போகும். உடலுக்கு நீர் குறைந்தாலும் வாய் கேட்பதில்லை. ஆகவே யாராவது நினைத்துக் கொடுக்கவேண்டும். கட்டிலருகே கோப்பை இருக்கின்றதா என்று பார்த்தால் மட்டும் போதாது. அது கைக்கு எட்டுமா, அதனைத் தூக்கும் வலு அந்தக் கைக்கு உண்டா என்று பார்க்கவேண்டும். காலையில் நிறைத்த போத்தல் மாலையிலும் நிறைந்தே இருந்தால் அங்கே எவரும் நின்று குடிப்பிக்கவில்லை என்று பொருள். உலர்ந்து வெடித்த உதடு, வறண்ட நாக்கு, கடும் மஞ்சளாகப் போகும் சலம், காரணமில்லாத அயர்ச்சி, திடீர்த் தடுமாற்றம் ஆகியவை அதன் குறிகள்.

ஓர் இல்லத்தில் அம்மையார் ஒருவர் பகலெல்லாம் தூங்கி வழிவதைக் கண்டோம். வயதுதானே என்றார்கள். அவரோடு மெல்லப் பேசிப் பார்த்தபோது, நாலு மணிக்குப் பின் ஒரு மிடறுகூடக் குடிப்பதில்லை என்று தெரிந்தது. ஏன் என்று கேட்டோம். “தண்ணி குடிச்சால் ராவிலை எழும்பவேணும். ஆரைக் கூப்பிடுறது தம்பி? கூப்பிட்டாலும் வரமாட்டினம்” என்றார். இரவில் நாற்பது பேருக்கு ஒரே ஒரு பணிப்பெண். அவரும் சமையற்கட்டில் பகல் முழுதும் நின்றவர். மலசலகூடத்துக்கு அழைத்துப்போக ஆளில்லாமையால் ஒரு மனிதப்பிறவி தன் தாகத்தைத் தானே அடக்கப் பழகிக்கொண்டது. நீர் குறைந்தாற் சலத்தொற்று வரும். முதியோருக்குச் சலத்தொற்று வந்தாற் காய்ச்சலுக்கு முன் புத்தி தடுமாறுவதும் உண்டு. புத்தி தடுமாறினால் “மறதி வியாதி முற்றிவிட்டது” என்று எழுதிவிடுவார்கள். ஒரு கோப்பைத் தண்ணீரிலிருந்து காரியம் எங்கே போய் முடிகின்றது, பாருங்கள்.

அடுத்தது படுக்கைப்புண். நடமாட்டமில்லாதவரை ஒரே பக்கமாகக் கிடத்தினால், எலும்பு அழுத்தும் இடங்களில் இரத்தவோட்டம் தடைப்பட்டுத் தோல் சாகத் தொடங்கும். நாரியின் கீழ்ப்பகுதி, இடுப்பின் இருபுறம், குதிக்கால், முழங்கை, தோட்பட்டை, பின்தலை ஆகியவை அவ்விடங்கள். இரண்டு மணிக்கூட்டுக்கு ஒருமுறை புரட்டிக் கிடத்துவது தாதியர் நெடுங்காலமாகக் கைக்கொண்ட வழக்கம். புண்ணுக்கு முந்திய நிலை ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளிறாத சிவப்பு. நம்மைப்போன்ற கறுத்த மேனியினரிடம் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். சுற்றியுள்ள தோலைவிட இருண்டோ, ஊதா நிறமாகவோ, தொட்டாற் சூடாகவோ கட்டியாகவோ இருப்பதே அறிகுறி. இந்த நிலையிற் கண்டால் புண்ணைத் தடுக்கலாம். எலும்பு தெரியும் வரை சென்றபின் மாதக்கணக்கிற் போராடவேண்டும். அதிலிருந்து இரத்தத்தில் நஞ்சு கலந்து உயிர் போவதும் உண்டு. ஆனால் போர்வையை விலக்கிக் குதிக்காலைப் பார்க்கும் விருந்தாளி எத்தனை பேர்? உறவினராயிருப்பின் கேட்டுப் பார்க்க உரிமையுண்டு. மறைப்பதற்கு எதுவுமில்லாத இல்லம் அதற்குக் கோபிக்காது.

மெலிவைப் பற்றிச் சிறிது. ஒரு மாதத்தில் உடல்நிறையில் நூற்றுக்கு ஐந்து, அல்லது ஆறு மாதத்திற் பத்துக் குறைவது கவலைக்குரியது என்பது வைத்தியர் கணக்கு. ஐம்பது கிலோ அம்மையார் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கினாற் காரணம் தேடவேண்டும். நிறைப் புத்தகம் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிடிற் காப்பைப் பாருங்கள்: மணிக்கட்டில் நின்ற காப்பு முழங்கை வரை ஓடும், மோதிரத்துக்கு நூல் சுற்றியிருக்கும், கட்டுப்பல் கழன்று விழும். கட்டுப்பல் தொலைந்துபோய் ஆறு மாதம் கஞ்சியோடு கிடப்பவரும், மூக்குக்கண்ணாடி உடைந்தபின் எவரும் மாற்றித் தராமையால் “பத்திரிகை வாசிப்பதை விட்டுவிட்டார்” என்று சொல்லப்படுபவரும் உளர்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகின்றோம். வாசலிலேயே வரும் சல நாற்றம். அதை மறைக்க அளவுக்கு மிஞ்சி ஊற்றிய பினாயில் மணம். அழுக்கேறி வளர்ந்த நகம். ஒருவரின் சாரத்தை மற்றொருவர் உடுத்தியிருத்தல். கைத்தடியை எட்டாத மூலையில் வைத்திருத்தல். எழுந்து திரிந்து விழுந்துவிடுவார் என்று துணியாற் கதிரையோடு கட்டுவதும், வைத்தியர் சொல்லாமலே தூக்கக் குளிசை கொடுத்து அடக்குவதும் உண்டு. மணிக்கட்டிலே வரிபோன்ற தடத்தைக் கண்டாற் கேளாமல் வராதீர்கள்.

இங்கே நீதியும் வேண்டும். எல்லாப் புண்ணும் கவனிப்பின்மையால் வருவதன்று. இறுதிக் காலத்தில் மிகச் சிறந்த கவனிப்பிலும் தோல் உடைவதுண்டு. புற்றுநோயால் மெலிவார் உண்டு. மறதி நோயாளர் சாப்பிட்டதை மறந்து “சோறு தரவில்லை” என்று அழுவதும் உண்டு. ஒரு குறியைக் கண்டவுடன் முகநூலிலே படம்போட்டுத் தண்டோரா போடுவது அந்த முதியவரின் மானத்தைத்தான் முதலில் விற்கும். பல குறிகள் சேர்ந்து நிற்கின்றனவா, கேட்ட கேள்விக்கு நேரான மறுமொழி வருகின்றதா, அடுத்த முறை சென்றபோது ஏதேனும் திருந்தியிருக்கின்றதா என்பவையே நமது அளவுகோல். சொற்ப சம்பளத்தில் இரவும் பகலும் நிற்கும் பணிப்பெண்ணின் மேல் முழுப்பழியையும் போடுவதும் முறையன்று. ஆளணியைக் குறைத்து வைத்தவர் நிருவாக சபையில் இருக்கலாம், அச்சபைக்கு ஆண்டுதோறும் பொன்னாடை போர்த்துபவர் நாமாகவும் இருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து காசனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கைத்தொலைபேசியில் வாரந்தோறும் அம்மாவின் முகத்தைப் பார்க்கின்றீர்கள். அந்தக் கண்ணாடிச் சதுரத்துக்குள் குதிக்கால் தெரிவதில்லை, மணமும் வருவதில்லை. பேசும்போது பக்கத்தில் நிற்பவர் யார் என்று கவனியுங்கள். “நல்லாயிருக்கிறன்” என்று சொல்லுமுன் அம்மா பக்கத்தே திரும்பிப் பார்க்கின்றாரா? ஊரிலுள்ள உறவினர் ஒருவரை நேரந் தவறிய நேரத்திற் சென்று வரச்சொல்லுங்கள்.

சரி, கண்டால் என் செய்வது? 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் உண்டு. அதன்படி முதியோருக்கான தேசிய சபை அமைந்தது. முதியோரைப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவு செய்யப்படவேண்டும். பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடலாகாது. தம்மைப் பேணமுடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பெறப் பராமரிப்புச் சபையை நாடலாம். பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் உளர். கண்டதைத் திகதியோடும் நேரத்தோடும் எழுதிவைத்து, முதலில் மேற்பார்வையாளரிடம், பின் நிருவாக சபையிடம், அதன்பின் பிரதேச செயலகத்திடமோ சமூக சேவைகள் திணைக்களத்திடமோ செல்லலாம். புண் முற்றியிருந்தாலோ, நினைவு மயங்கியிருந்தாலோ கடிதம் பிறகு. முதலில் அரசாங்க வைத்தியசாலை. அங்கே வைத்தியர் எழுதும் குறிப்பே பின்னர் சாட்சியுமாகும்.

முறையிட்டால் நாம் போனபின் அம்மாவுக்குக் கஷ்டம் கொடுப்பார்களே என்று உறவினர் அஞ்சுவது வீண் அச்சமன்று. அதற்கு நாம் அறிந்த பரிகாரம் ஒன்றே: முறையிட்ட வாரத்திலிருந்து போக்குவரவை இரட்டிப்பாக்குவது. உறவினர் இல்லாதவருக்கோ அதுவும் இல்லை. ஒவ்வோர் இல்லத்திலும் வருவோர் எவருமின்றி மூலைக்கட்டிலிற் கிடப்பவர் சிலர் இருப்பர். கவனிப்பு முதலிற் குறைவது அவர்களுக்கே, கேட்க ஆளில்லையல்லவா.

ஆகவே மத்தியான அன்னதானத்தை நிறுத்தாமல், அதனோடு ஒரு மாலைமுறையும் வைக்கச் செயற்குழு எண்ணியிருக்கின்றது. இருவர் இருவராக, நாள் குறிக்காமல், வாரம் ஒருமுறை. கையிற் சாப்பாட்டுப் பொதி வேண்டாம். நகம்வெட்டி ஒன்றும், குறிப்புப் புத்தகம் ஒன்றும் போதும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கலாம். பெண் அங்கத்தவர் நால்வரேனும் வேண்டும். அம்மாமாரின் குதிக்காலைப் பார்ப்பதற்கு நாம் போய் நிற்பது அழகன்று.