இயந்திரம் யார் பெயரில்?
(ஜொகூர், குளுவாங் பகுதியில் நடந்த தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று மின்சாரத்தைப் பற்றிப் பேசும்படி கிளைச் செயற்குழு நம்மைப் பணித்திருக்கிறது. சம்பளம், போனஸ், வீடு என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்க, மின்சாரம் எதற்கு என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

நம் தாய் தந்தையர் காலத்தில் லயத்து விளக்கு எப்போது எரியும், எப்போது அணையும் என்பதை யார் முடிவு செய்தார்கள்? எத்தனையோ தோட்டங்களில் மாலையில் இயந்திரம் ஓடத் தொடங்கும். இரவு குறித்த நேரத்தில் நின்றுவிடும். பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாலும் சரி, வீட்டில் நோயாளி முனகிக்கொண்டிருந்தாலும் சரி, நேரம் வந்தால் இருட்டுத்தான். இயந்திரம் நிர்வாகத்தினுடையது, ஆகவே இருட்டும் நிர்வாகத்தினுடையது. இன்று கம்பி வந்துவிட்டது, விடிய விடிய விளக்கு எரிகிறது. ஆனால் இயந்திரம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்தோம்.

தமிழ்நாட்டில், கோயம்புத்தூர் மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஓடந்துறை என்றொரு ஊராட்சி உண்டு. 1996 முதல் 2006 வரை அதன் தலைவராக இருந்தவர் சண்முகம். வீடுதோறும் குடிதண்ணீர், தெருதோறும் விளக்கு என்று ஊர் வளர வளர, ஊராட்சியின் மின்சாரப் பில்லும் பல மடங்காக வளர்ந்தது. பில்லைப் பார்த்துப் பயந்து விளக்கைக் குறைக்கவில்லை அவர்கள். 2003-இல் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி, அதைக்கொண்டு தண்ணீர் இறைத்தார்கள். பிறகு 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரிலேயே வாங்கினார்கள். விலை ஏறக்குறைய 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் சுமார் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி வங்கிக் கடன்.

அந்தக் காற்றாலையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் மின்சாரம் எதிர்பார்த்தார்கள். அதில் ஊரின் தேவை ஏறக்குறைய 4.5 லட்சம் யூனிட். எஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தைக் கொண்டு கடனை அடைப்பது, அடைத்து முடித்தபின் ஊர்ப்பணிக்குச் செலவிடுவது என்பது ஏற்பாடு.

இதில் நாம் கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில் நிற்கிறது. காற்று ஓரிடத்தில் வீசுகிறது. அதன் பலன் தொலைவிலுள்ள இன்னோர் ஊருக்கு வந்து சேருகிறது. காரணம் என்ன? இயந்திரம் அந்த ஊரின் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது நம் கதையைப் பாருங்கள். மரம் இங்கே நின்றது. விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்குடன் வெட்டியவர்கள் நாம். மங்கில் பால் நிறைந்தது இங்கே. லாபம் போய்ச் சேர்ந்தது லண்டனுக்கு. 1981-இல் கத்ரி கம்பெனியை லண்டன் பங்குச் சந்தையிலேயே ஒரே நாள் காலையில் நம் நாட்டு ஸ்தாபனம் கைப்பற்றியது. நாட்டுக்கு அது பெருமை. ஆனால் லயத்துக் கதவு எண்ணுக்கு நேரே எழுதியிருந்த பெயர் மாறவில்லை. அந்த வீடு அன்றும் நம்முடையதல்ல, மறுநாளும் நம்முடையதல்ல. பலன் போகும் வழியை மண் தீர்மானிப்பதில்லை, காற்றும் தீர்மானிப்பதில்லை. பத்திரம்தான் தீர்மானிக்கிறது.

ஓடந்துறை ஓர் ஊராட்சி. அதற்குச் சட்ட அதிகாரம் உண்டு, நமக்கு ஏது என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தில் கீயா என்றொரு சின்னத் தீவு. தீவு முழுவதும் ஒரே எஸ்டேட். குடியிருந்தவர்கள் நூறு பேர் அளவில், அநேகர் வாடகைக் குடிகள். நம் நிலைமைதான்! தீவு விற்பனைக்கு வந்தபோது அவர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்து, பொது நிதி உதவியும் கடனும் சேர்த்து 2002-இல் தீவையே வாங்கினார்கள். 2004-இல் மூன்று பழைய காற்றாலைகளை, ஏற்கெனவே வேறிடத்தில் ஓடியவற்றை, வாங்கி நிறுத்தினார்கள். மின்சாரம் விற்ற பணத்தில் கடன் தவணைக்கும், இயந்திரம் தேய்ந்தால் புதிது வாங்குவதற்கும் முதலில் எடுத்து வைத்தார்கள். மிச்சம் தீவின் பொதுக் காரியங்களுக்கு உதவியது. அவர்களுடைய குடியிருப்புகள் எவ்வளவு பழுதாகிக் கிடந்தன என்று படித்தபோது நம் லயத்தின் ஒழுகல்தான் நினைவுக்கு வந்தது.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2011-இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் வந்தது. கூரையில் சூரியத் தகடு வைத்தவர் மின்சாரத்தை நல்ல விலைக்கு விற்க வழி பிறந்தது. அந்த விலைக்கான நிதி எங்கிருந்து வந்தது? மாதம் 300 யூனிட்டுக்கு மேல் உபயோகிக்கும் வீடுகளின் பில்லில் முதலில் 1 சதவீதம், 2014 முதல் 1.6 சதவீதம். பழைய பில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தனி வரியாகவே அச்சாகியிருக்கும். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்தக் காசைக் கட்டினார்கள். விற்றுச் சம்பாதித்தவர் யார்? சொந்தக் கூரையும் கையில் முதலும் உள்ளவர். பின்னர் திட்டங்களும் விலையும் மாறின, இனியும் மாறும். மாறாதது ஒன்று: கூரை சொந்தமாக இல்லாதவனுக்கு வெயில் வெறும் வெயில்தான்.

நம்மால் ஆகுமா என்று மலைக்கவேண்டாம். துண்டாடலில் தோட்டங்கள் கூறு கூறாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுகிறவர் மாதம் பத்து வெள்ளி கட்டினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பத்து வெள்ளி கட்டிய கைகள் தோட்டத்தையே வாங்கின என்றால், அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள் சில கூரைத் தகடுகளை வாங்க முடியாதா?

முடியும். ஆனால் ஓர் உண்மையைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் அது துரோகம். நம் தோட்டத்தில் மரண சகாய நிதி ஒன்று நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நோட்டுப் புத்தகம் கிராணிமாராகிய நம் கையில் இருந்தது. வரவை ஒழுங்காக எழுதினோம். பெரட்டில் நின்று ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. ஒரு சகோதரர் இறந்து, அவர் மனைவி வந்து கேட்டபோது, பணம் திருவிழாச் செலவுக்கு மாற்றப்பட்டிருந்தது. எவரும் திருடவில்லை, எவரையும் கேட்கவுமில்லை. அந்த அம்மாள் வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த மாதம் சந்தா பாதியாயிற்று. அதற்கடுத்த மாதம் நின்றே போயிற்று. பணம் போனால் மறுபடி சேர்க்கலாம். நம்பிக்கையை எந்தக் கூட்டுறவுச் சட்டம் சேர்த்துக் கொடுக்கும்?

ஆகவே மூன்று நிபந்தனைகளை முன்வைக்கிறோம். முதலாவது, தகடும் அது நிற்கும் கூரையின் உரிமையும் பதிவான சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். தகடு ஏறக்குறைய 25 ஆண்டு உழைக்கும். 25 ஆண்டுக்கு எழுத்தில் உரிமை கிடைக்காத கூரையில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது. இரண்டாவது, வருமானத்தில் முதலில் கடன், அடுத்துப் பழுதுபார்ப்பு, அதற்குப் பிறகே பிள்ளைகள் படிப்பும் மற்றப் பொதுக் காரியங்களும். மூன்றாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக வாசிக்கவேண்டும். இன்று நம்மோடு வேலைசெய்யும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளரும் அந்தக் கூட்டத்தில் உட்காரவேண்டும். அவர்கள் வீட்டை ஒதுக்கிவிட்டு எரியும் விளக்கு சங்கத்து விளக்காகாது.

இன்றைக்கு யாரும் காசு கொடுக்கவேண்டாம். கோயில், மண்டபம், தாமானில் நம்மவர் வீடுகள் என்று நம்மைச் சுற்றியுள்ள கூரைகளைக் கணக்கெடுப்போம். ஒவ்வொன்றின் நிலக் கிராண்டும் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்து, அடுத்த கூட்டத்தில் பட்டியலை வாசிப்போம். பட்டியல் எழுதுவது கிராணிமார் வேலை. எழுதியது சரியா என்று கேட்பது உங்கள் வேலை. கேளுங்கள்; விடாமல் கேளுங்கள்!

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!