கோடரிக்கு ஒரு வழி, குடிமக்களுக்கு ஒரு வழியா?



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுவோர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கின்றனர். வளைவுதோறும் வனப்பு! காண்போர் களிக்கின்றனர், களிக்கட்டும், நானும் களித்தவன்தான். ஆனால், அந்தச் சேர்வராயன் மலையிலே தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தம் சிற்றூருக்குச் சாலை கேட்டால், "காடு அழியுமே!" என்ற விடை வருவதுண்டு.

காட்டின்மீது கொண்ட காதலா அது? கதையைக் கேளுங்கள்.

1860களில் வெள்ளையர் ஆட்சியிலே, சேலம் வழியே மேலைக் கடற்கரைக்கு இருப்புப்பாதை சென்றது. தண்டவாளத்தின் அடியில் கிடத்த மரம்! எஞ்சினின் வயிற்றில் எரிக்க மரம்! இந்த வட்டாரத்துக் காடுகள் கட்டையாயின, கரியாயின. பிறகு வந்தது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். வெட்டியவன் காவலன் ஆனான். வாழ்ந்தவன் கள்வன் ஆனான்! நாடகம் ஆடிப் பழகியவன் நான். இத்தனை விரைவாக வேடம் மாற்றிய நடிகனை எந்த மேடையிலும் கண்டதில்லை.

வெள்ளையர் போயினர், வேடம் போயிற்றா? 2018இல் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைத் திட்டம் வந்தது. நீளம் 277 கிலோமீட்டர்; மதிப்பு 10,000 கோடி ரூபாய். வயலும் தோப்பும் காப்புக்காடும் அதன் வழியிலே! உழவர் கதறினர், அதிகாரிகள் எல்லைக்கல் நட்டனர். 2019 ஏப்ரலில் அந்த நில எடுப்பைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரிலோ, நில எடுப்பு அறிவிக்கைக்கு முன்பாகவே சுற்றுச்சூழல் அனுமதி பெறவேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் கூறிற்று. ஆக, முதலில் கல், மரக்கணக்கு பிறகு!

சிற்றூருக்கு மட்டும் முதலிலேயே கணக்கு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, சாலைக்கோ பள்ளிக்கோ ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான காட்டு நிலமே தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. கிராமசபையின் பரிந்துரையும் வேண்டும். நல்ல சட்டம்! அதை நான் குறைகூறவில்லை. ஆனால், நீதிமன்றத் தடையால் 2008 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் அச்சட்டத்தின்படி பட்டா வழங்குவதே முடங்கிக் கிடந்ததே, அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

சாலையே கூடாது என்போர் அல்லர் நாம். பேறுகாலப் பெண்ணை டோலி கட்டிச் சுமந்து மலையிறங்கும் கொடுமை ஒழியச் சாலை வேண்டும். நாம் கேட்பது ஒன்றே: சிறியவனிடம் நீட்டும் அளவுகோலைப் பெரியவனிடமும் நீட்டுங்கள்! கிராமசபையைக் கேட்டபின் கல் நடுங்கள்!

தோழர்களே! ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலியவை கிராமசபை கூடும் நாட்கள். அன்று மலையேறுங்கள், வளைவுகளை எண்ணுவதற்கு அன்று, அம்மக்களின் தீர்மானத்துக்குத் துணைநிற்பதற்கு! கோடரி எங்கே விழலாம் என்பதைக் காட்டில் வாழ்பவர் சொல்லட்டும். கோட்டையில் இருப்பவர் கேட்கட்டும்!