இருக்கும் வீட்டுக்கும் ஒரு பரிசோதனை

(செஞ்சி வட்டார உழவர் கூட்டம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உழவியல் படித்தவன் பயிரை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் பக்கத்து ஊர்களுக்குப் பயிர் பார்க்க வரும்போது, மணிலாவில் இலைப்புள்ளியைக் காட்டிய கையோடு பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், இந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டிவிடலாமா? வெயில் தாங்க முடியவில்லை, மழைக்கும் ஒழுகுகிறது." நகையை அடகு வைத்து, வரப்போகும் கரும்புப் பணத்தை நம்பி, சிலர் கடைக்கால் எடுத்தும் விடுகிறார்கள். இரண்டு கோடை கழித்துப் போய்ப் பார்த்தால், மாடி வீட்டுக்காரர் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். உள்ளே படுக்க முடியவில்லையாம்!

மண்ணைப் பரிசோதிக்காமல் உரம் இடாதீர்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்லி வருகிறோம். வீட்டுக்கும் அதே முறைதான். இடிக்கும் முன் பரிசோதனை செய்யுங்கள். எங்கே குறை என்று தெரிந்தால், பெரும்பாலும் குறைந்த செலவிலேயே சரி செய்துவிடலாம். நகரங்களில் இதற்கென்று தனி முறைகளே ஏற்பட்டுவிட்டன. 1990இல் இங்கிலாந்தில் 'பிரீம்' என்ற மதிப்பீட்டு முறை வந்தது. நம் நாட்டில் 'கிரிஹா' என்னும் முறையில், புதிய கட்டடங்களுக்கு மட்டுமன்றி ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களுக்கும், நீர், மின்சாரம் ஆகியவற்றைக் கணக்கிட்டு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். நமக்கு நட்சத்திரம் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டும், கடையில் வாங்கும் ஒரு வெப்பமானியும் போதும்.

முதலில் ஒரு கணக்கு. 800 சதுர அடியில் கான்கிரீட் வீடு கட்டச் சதுர அடிக்கு 0.4 மூட்டை வீதம் சுமார் 320 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். ஒரு மூட்டை சிமெண்ட் ஆலையில் உருவாகும்போது, அதன் வகையைப் பொறுத்து, ஏறத்தாழ 30 முதல் 45 கிலோ வரை கரியமில வாயு காற்றில் கலக்கிறது. குறைந்த கணக்கை எடுத்தாலும் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 10 டன். கம்பியும் செங்கல் சூளையும் இதற்கு மேல். காற்றில் கரியமில வாயு கூடுவதால் வெப்பம் கூடுவதையும், பருவமழை தாறுமாறாவதையும் நம்மைப் போன்ற மானாவாரி மணிலாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் தாத்தா கட்டிய மண்சுவரும் பனங்கையும் அந்தச் செலவைக் கேட்காமல் ஏற்கெனவே நிற்கின்றன. நிற்பதை இடித்துக் குப்பையாக்கிவிட்டு மறுபடி கட்டுவது இரட்டைச் செலவு.

இதற்குப் பாடம் படிக்க நாம் வெளிநாடு போக வேண்டாம். தலையை நிமிர்த்தினால் ராஜகிரி தெரிகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் படைத்தலங்கள் என்ற வரிசையில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மீதமுள்ள ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. சிவாஜி இதை 1677இல் கைப்பற்றினார். பின்னர் அவருடைய மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை 1690இல் வந்து சூழ்ந்தது. கோட்டை விழுந்தது 1698இல்தான். மதில் மட்டும் இருந்து, உள்ளே தண்ணீரும் தானியமும் இல்லாதிருந்தால் ஓர் ஆண்டுகூடத் தாங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

கோட்டைக்குள் கல்யாண மகாலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது அதை விவசாயியின் கண்ணோடு பாருங்கள். அடுக்கடுக்காக உயரும் கோபுரத்தில் ஒவ்வொரு நிலையிலும் நடுவில் ஒரு சிறிய அறை. அதைச் சுற்றிலும் தாழ்வாரம். அறையின் சுவரில் நேர் வெயில் விழ வழியில்லை. வெயிலைத் தாழ்வாரம் வாங்கிக்கொள்கிறது. கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண் குழாய்கள் வழியாக மகாலின் மேல்நிலைகளுக்குத் தண்ணீர் போயிருக்கிறது. மோட்டார் கிடையாது, மின் கட்டணமும் கிடையாது. பக்கத்தில் களஞ்சியங்கள். பருத்த சுவர், வளைவுக் கூரை. ராஜகிரியின் மேலே சுனைகளும், மழைநீரைத் தேக்கி வைக்கும் தொட்டிகளும் உண்டு.

இதைச் சொன்னபோது ஊர்ப் பெரியவர் ஒருவர், "அது ராஜா கட்டினது சார், நமக்கு ஆகுமா?" என்றார். ஆகும். தாழ்வாரம், பருத்த சுவர், மழைநீர், காய்ந்த களஞ்சியம் என்ற நான்கும் உங்கள் பழைய வீட்டில் ஏற்கெனவே இருந்தவைதாம். திண்ணையை எடுத்துவிட்டு அறையைத் தெருவரை இழுத்தவர்கள் நாம்தான்.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். பங்குனி, சித்திரையில் தொடர்ந்து 7 நாட்கள், காலை 6 மணி, பிற்பகல் 3 மணி, இரவு 10 மணி என மூன்று வேளை வெப்பத்தைக் குறியுங்கள். ஒரு முறை வெளியே மர நிழலில்; ஒரு முறை நீங்கள் படுக்கும் அறையில், தரையிலிருந்து ஓர் ஆள் மட்டத்தில். இரவு 10 மணிக்கு வெளியே தணிந்திருந்தும் உள்ளே வெப்பமானி இறங்காமல் நின்றால், குற்றவாளி கூரைதான். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, நீங்கள் படுக்கும் நேரத்தில் அதைக் கக்குகிறது. ஓட்டுக் கூரையில் இடுக்கு வழியே சூடு வெளியேறிவிடும். சுவரைத் தொட்டும் பாருங்கள். மாலை 5 மணிக்கு மேற்குச் சுவர் அடுப்படிபோல் சுட்டால், அந்தச் சுவருக்கு நிழல் இல்லை என்று பொருள்.

ஏற்கெனவே மாடி கட்டிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். தளத்தைச் சுத்தமாகக் கூட்டிக் கழுவி, நீர்த்த சுண்ணாம்பை வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது அரிசிக் கஞ்சியோ வஜ்ஜிரமோ கலந்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பூச்சு கொடுங்கள். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். எத்தனை டிகிரி குறையும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதை உங்கள் நோட்டே சொல்லிவிடும். 2, 3 டிகிரி இறங்கினாலே குழந்தைகள் உள்ளே தூங்கும். மழையில் பூச்சு கரைந்துபோகும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது இதன் குறை. நிரந்தரமாக வேண்டுவோர், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதிக்கலாம். செலவு கூடும், ஒழுக்கும் நிற்கும்.

மேற்குச் சுவருக்கு நான் சொல்லும் மருந்து பயிர்தான். சுவரிலிருந்து 3 அடி தள்ளிப் பந்தல் போட்டு, தை மாதத்தில் பீர்க்கனோ சுரையோ பாகலோ ஊன்றுங்கள். சித்திரை வெயில் வரும்போது கொடி பந்தலை மூடியிருக்கும். கறிக்கும் ஆயிற்று, நிழலுக்கும் ஆயிற்று. கொடியைச் சுவரிலேயே ஏற்றிவிடாதீர்கள். ஈரம் தங்கிக் கறையான் வரும். இடமுள்ளவர்கள் சற்றுத் தள்ளி ஒரு புங்கன் வைத்துவிட்டால் பிள்ளைகள் காலத்துக்கும் ஆகும்.

மண்சுவர், சுண்ணாம்புச் சுவர் வீட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விரிசலைக் கண்டதும் சிமெண்ட் பூசுகிறீர்கள். மண்சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, இரண்டு மழையில் பூச்சு சட்டை உரிப்பதுபோல் கழன்று வரும். சுவரின் அடியும் இற்றுப்போகும். மண்ணுக்கு மண் பூச்சு, சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புப் பூச்சு.

ஆனால் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தாலோ, அடியிலிருந்து சாய்வாக விரல் நுழையும் அளவுக்கு விரிசல் ஓடியிருந்தாலோ, பனங்கைகளைத் தட்டும்போது உள்ளே பொள்ளல் சத்தம் கேட்டாலோ, அந்த வீட்டைப் பழமை என்று பாராட்டிக்கொண்டு அதற்குள் படுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவர் இடிந்து உயிர் போன செய்தியைப் பலமுறை படித்திருக்கிறோம். பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். அவர் இடிக்கச் சொன்னால் இடித்துவிடுங்கள். ஓட்டையும் கதவு நிலைகளையும் மாட்டுக்கொட்டகைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். குடிசையில் இருப்பவர்கள் அரசுத் திட்டத்தில் கான்கிரீட் வீடு பெறுவதையும் நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது பாதுகாப்பு. நான் சொன்ன வெள்ளைப் பூச்சு அவர்களுக்கும் பொருந்தும்.

நோட்டின் அடுத்த பக்கம் தண்ணீர். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடிக் கூரை என்பது 93 சதுர மீட்டர். நம் பகுதியில் ஆண்டு மழை 1,000 மி.மீ.ஐ ஒட்டி இருக்கிறது. சிதறல், ஆவியாதல் போக 80 சதவீதம் பிடித்தால் ஆண்டுக்கு 74,000 லிட்டர். 2003இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைப் புதிய கட்டடங்களுக்கு மட்டுமன்றி, இருக்கும் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அப்போது அமைத்த தொட்டிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன, தோண்டிப் பாருங்கள். நமது பாறை நிலம். மேலேயுள்ள சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் நீர் நிற்கும். ஆகவே கூரை நீரைத் தெருவுக்கு விடாமல், 3 அடி நீள, அகல, ஆழத்தில் ஒரு வடிகட்டும் குழி எடுத்து, அடியில் பெருஞ்ஜல்லி, நடுவில் சிறுஜல்லி, மேலே ஆற்று மணல் இட்டு, அதன் வழியாகக் கிணற்றுக்கு அனுப்புங்கள். குளியல் நீருக்குக் கல்வாழைப் பாத்தி, அதைத் தாண்டி ஒரு தென்னை.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும்; இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட். நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் ஒரு விசிறியால் மட்டும் 40 யூனிட் மிச்சம். கூரை வெளுத்தபின் விசிறியின் வேகமும் குறையும்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது தானியம் வைக்கும் அறையைப் பற்றித்தான். குதிரையும் பத்தாயத்தையும் விற்றுவிட்டு, மூட்டைகளைச் சிமெண்ட் தரையில் சுவரோரம் அடுக்குகிறோம். தரையின் ஈரம் அடி மூட்டைக்கு ஏறுகிறது. கூரையின் ஒழுக்கு மேல் மூட்டைக்கு இறங்குகிறது. ஒரு கிலோ நெல் விளையக் குறைத்துக் கணக்கிட்டாலும் 1,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. 75 கிலோ மூட்டை ஒன்று பூசணம் பிடித்துப் போனால் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டர் வீண். உங்கள் கூரை ஓராண்டு முழுவதும் பிடித்துத் தரும் மழைநீரைவிட இது அதிகம்! ஒற்றை ஓடு விலகியதால் வரும் நட்டம் இது. வீட்டைச் சோதிக்கும்போது முதலில் நுழைய வேண்டியது இந்த அறைக்குள்தான்.

மதிய வெயிலில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நில்லுங்கள். ஒளி ஊசிபோல் விழும் இடமெல்லாம் மழையும் விழும். அங்கங்கே கரியால் குறியிட்டு ஓட்டை மாற்றுங்கள். மூட்டைக்கு அடியில் மரச்சட்டமோ பனம்பலகையோ போட்டுத் தரையிலிருந்து அரை அடி உயர்த்துங்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். நெல்லில் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேலும், மணிலாக் காயில் 8 சதவீதத்துக்கு மேலும் இருக்கும்போது மூட்டை பிடிக்காதீர்கள். மணிலாவில் ஈரம் இருந்தால் வரும் பூசணம் 'அஃப்ளடாக்சின்' என்னும் நஞ்சை உண்டாக்கும். மனிதனுக்கும் ஆகாது, மாட்டுக்குப் புண்ணாக்காகவும் ஆகாது.

மாட்டுக்கொட்டகைக்குத் தகரமோ சிமெண்ட் அட்டையோ போட்டிருப்பவர்கள் அதன்மேல் தென்னங்கீற்று வேயுங்கள். சூட்டில் மாடு தீனி குறைக்கும், பாலும் குறையும். பழைய அட்டை கல்நார் கலந்ததாக இருக்கக்கூடும். அதை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம், தூள் நுரையீரலுக்குக் கேடு.

இவற்றை எப்போது செய்வது? தை அறுவடைக்கு முன் தானிய அறை. மாசியில் சுண்ணாம்புப் பூச்சு. ஆடிக்குள் ஓடு மாற்றிவிடுங்கள்; பிறகு ஆள் கிடைக்காது. புரட்டாசி முதல் வாரத்தில் கூரைத் தகரவாரியிலுள்ள சருகை வழித்து, வடிகட்டும் குழியின் மேல் மணலை அள்ளி அலசிப் போடுங்கள். வெள்ளைப் பூச்சு கொடுத்த தளமாக இருந்தால், முதல் இரண்டு மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து வரும்; அதைக் கிணற்றுக்கு விடாமல் வெளியே திருப்பிவிட்டு, மூன்றாவது மழையிலிருந்து குழாயை மாற்றிக்கொள்ளுங்கள்.